ரேடியோ பட்டனின் தோற்றத்தை மாற்றப் போகிறீர்களா? கையை வைக்கும் முன் படியுங்கள்

திருகோணமலையில் டெஸ்க்டாப் புரோகிராம் எழுதுபவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள்தான். உயர்தரத்தில் ஐசிடி படித்த கையோடு மாமாவின் கடைக்கு பில் போட ஒன்று செய்து கொடுப்பவர், கோணேசபுரி வளாகத்தில் இறுதியாண்டு புரொஜெக்ட் செய்பவர், என்னைப் போல மீன் வாடிக்கும் மருந்துக்கடைக்கும் சின்னச் சின்ன வேலை எடுப்பவர். பக்கத்தில் கேட்க ஆள் இருக்காது. ரேடியோ பட்டன் என்பது, பல தெரிவுகளில் ஒன்றை மட்டும் எடுக்க வைக்கும் ஒரு வட்டமும் ஒரு சொல்லும்தானே, அதன் நிறத்தை மாற்ற ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்து உட்கார்ந்தால் இரவு போய்விடும். நிறம் கொடுத்தால் மாறாது, மாறினால் நடுப்புள்ளி மறைந்துவிடும், புள்ளி வந்தால் தமிழ் எழுத்து வெட்டுப்படும். அதையெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையிலேயே கீழே தருகிறேன். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன், உதவிப் பக்கங்களில் அதே பெயரை ஆங்கில எழுத்தில் தேடினால் கிடைக்கும்.

1. முதலில் ஒரு தாள்

கணினியைத் திறக்காதீர்கள். முதலாளியிடம் ஒரு பக்கத் தாளில் எழுதி வாங்குங்கள்: எந்தக் கேள்விக்கு என்னென்ன தெரிவுகள், தமிழிலும் சிங்களத்திலும் அவர் வேலையாட்கள் சொல்கிற அதே சொல், திறந்தவுடன் எது தெரிந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும், ஒன்றையும் தெரிவுசெய்யாமல் விடலாமா. கீழே அவர் கையெழுத்து. ஒரு தேநீர் குடிக்கிற நேர வேலைதான், செலவு ஒன்றுமில்லை, ஆனால் பிறகு வரும் பாதித் தகராறு இதிலேயே தீர்ந்துவிடும்.

மீன் வாடியையே எடுத்துக்கொள்வோம். மீன் வகை என்று கேட்டால் அறக்குளா, பாரை, சூரை, கீரி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதற்கு ரேடியோ பட்டன் வேண்டாம், இழுத்துத் திறக்கும் பட்டியலைப் போடுங்கள். பணம் எப்படி என்ற கேள்விக்குக் காசு, கடன், முற்பணத்தில் கழிவு என்று மூன்றே தெரிவுகள், அதுதான் ரேடியோ பட்டனுக்கான இடம். என் கணக்கில் ஐந்துக்கு மேல் போனால் ரேடியோ பட்டனை விட்டுவிட வேண்டும். ‘காசு’ முன்கூட்டியே தெரிவாகியிருந்தால், விடியக்காலை அவசரத்தில் ஒருவரும் அதை மாற்ற மாட்டார்கள், கடனுக்குப் போன பெட்டியும் காசுக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே ஒன்றும் தெரிவாகாமல் தொடங்குவதே நல்லது. அப்படித் தொடங்கும்போது வட்டங்கள் எப்படித் தெரியும் என்பதில் ஒரு பொறி இருக்கிறது, நாலாம் படியில் வருகிறேன்.

தெரிவுகளை டைப் செய்து தந்தால் கவனம். நம் பக்கம் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தருபவர்கள் அதிகம். அதை அப்படியே ஒட்டினால் பட்டனுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள், மாற்றிய பிறகும் ஒவ்வொரு சொல்லாக வாசித்துப் பாருங்கள்.

2. எதில் எழுதுவது, எவ்வளவு செலவு

பைதான் நிரல்மொழி இலவசம், சன்னலும் பட்டனும் செய்யும் டிகின்டர் அதோடு வரும். விண்டோஸில் நிறுவும்போது ‘டிசிஎல் டிகே’ என்ற கட்டத்தில் உள்ள சரிக்குறியை எடுத்துவிடாதீர்கள். உபுண்டுவில் ‘பைதான்3-டிகே’ என்ற பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். கடையில் விண்டோஸ் 7 கணினி ஓடிக்கொண்டிருந்தால் பைதான் 3.8தான் எல்லை, 3.9 முதல் அதில் ஓடாது. இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மைக்ரோசாஃப்டின் வின்ஃபோர்ம்ஸில் எழுதுவதென்றால் விஷுவல் ஸ்டூடியோவின் கம்யூனிட்டி பதிப்பு. தனிநபர் தன் புரோகிராமை இலவசமாகக் கொடுத்தாலும் விற்றாலும் அதைப் பயன்படுத்தலாம். நிறுவனம் என்றால் ஐந்து பேர் வரை, அதுவும் 250 கணினிகளுக்கு மேலோ ஆண்டு வருமானம் 10 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேலோ இல்லாத நிறுவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாவதான க்யூட் கருவித்தொகுப்பை எடுப்பவர்கள்தான் உரிமத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அதைப் பைதானில் எழுத பைக்யூட், பைசைட் என்று இரண்டு வழி. பைக்யூட், மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. மூலநிரலைக் கொடுக்காமல் விற்க நினைத்தால் வணிக உரிமம் வாங்க வேண்டும். பைசைட் எல்ஜிபிஎல் உரிமத்திலும் கிடைக்கிறது, அதன் நிபந்தனைகளைக் கடைப்பிடித்தால் உங்கள் நிரலைத் திறக்காமலே கொடுக்கலாம். இரண்டுக்கும் எழுதும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே முதலிலேயே பைசைட்டில் தொடங்குங்கள். உரிமப் பத்திரங்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, புரோகிராமுடன் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

3. வட்டத்தை வரைவது யார்?

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல்தான் எல்லோரும் நேரத்தை இழக்கிறார்கள். ஒரு ரேடியோ பட்டனில் வட்டம், பக்கத்தில் உள்ள சொல், பின்னணி, விசைப்பலகையால் நகரும்போது தெரியும் குவியக் கோடு என்று நான்கு உறுப்புகள் உண்டு. சொல்லும் பின்னணியும் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். வட்டத்தை விண்டோஸே வரைந்தால், நீங்கள் கொடுக்கிற நிறம் அதற்குப் போய்ச் சேராது. பிழைச் செய்தியும் வராது. நீங்கள் எழுத்துப்பிழை தேடி நிரலையே புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

டிகின்டரின் பழைய ரேடியோ பட்டனை விண்டோஸிலும் லினக்ஸிலும் டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகேயே வரைகிறது, அதனால் நிறம் கேட்கும். டிகின்டரிலேயே உள்ள புதிய வகையான டிடிகே, விண்டோஸில் ‘விஸ்டா’ என்ற தீமில் (தோற்றத் தொகுப்பில்) திறக்கும், அங்கே வட்டம் விண்டோஸுடையது. வின்ஃபோர்ம்ஸில் ‘ஃபிளாட்ஸ்டைல்’ என்ற பண்பு ‘சிஸ்டம்’ என்றிருந்தால் முழுவதும் விண்டோஸ் கையில், ‘ஃபிளாட்’ என்றால் வின்ஃபோர்ம்ஸ் தானே வரையும். க்யூட்டில் ‘ஃபியூஷன்’ ஸ்டைல் போட்டால் எல்லா இயங்குதளத்திலும் க்யூட்டே வரையும்.

எதில் எழுதினாலும் முதலில் வட்டத்துக்கு நல்ல சிவப்புக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். சிவக்கவில்லையா, வரைவது நீங்கள் நினைத்த ஆள் இல்லை. அப்போது வழி மூன்றுதான்: இருப்பதை இருந்தபடி விடுவது, வேறு தீமுக்கு மாறுவது, இரண்டு படங்களை நீங்களே கொடுப்பது.

அழகுக்காக மட்டும் என்றால் விட்டுவிடுங்கள் என்பேன். எழுத்தைப் பெரிதாக்கி, பட்டன்களுக்கு நடுவில் இடைவெளி விட்டாலே பாதித் திருத்தம் ஆகிவிடும். ஆனால் நம் ஊரில் நியாயமான காரணமும் இருக்கிறது. வாடியிலும் கடைத்தெருவிலும் கணினி பெரும்பாலும் திறந்த ஷட்டருக்கு அருகில்தான் இருக்கும். பத்து மணி வெயில் திரையில் விழும்போது அந்த மெல்லிய சாம்பல் வட்டம் கண்ணுக்கே தெரியாது, எது தெரிவாகியிருக்கிறது என்று பார்க்க வேலையாள் கையால் திரையை மறைத்துக்கொண்டு குனிய வேண்டியிருக்கும். அங்கே தடித்த கோடும் பெரிய புள்ளியும் அவசியம்.

4. டிகின்டரின் பழைய ரேடியோ பட்டன்

முதல் தடவைக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள்.

ஒரு கேள்விக்கு, அதன் விடையைப் பிடித்து வைக்க ஒரு மாறி. அந்தக் கேள்வியின் எல்லாப் பட்டன்களுக்கும் ‘வேரியபிள்’ அதே மாறி, ‘வேல்யூ’ மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. நகலெடுத்து ஒட்டும்போது ‘வேல்யூ’வை மாற்ற மறந்தால் ஒன்றை அழுத்த இரண்டும் சேர்ந்து எரியும்.

இப்போது முன்பு சொன்ன பொறி. ஒன்றும் தெரிவாகாமல் தொடங்க ‘ஸ்ட்ரிங்வார்’ மாறியை வெறுமையாக விட்டால், திறந்தவுடன் எல்லா வட்டங்களும் அரைகுறையாகத் தெரிவானது போல நிற்கும். காரணம், ‘ட்ரைஸ்டேட்வேல்யூ’ என்ற பண்பின் தொடக்க மதிப்பும் வெறுமைதான், இரண்டும் ஒன்றாக இருந்தால் டிகே அதை ‘இரண்டுங்கெட்டான் நிலை’ என்று எடுத்துக்கொள்கிறது. மாறிக்கு எந்தத் தெரிவிலும் இல்லாத ஒரு மதிப்பை, உதாரணமாக ‘இல்லை’ என்று கொடுத்துவிடுங்கள், வட்டங்கள் சுத்தமாக வெறுமையாகும்.

கறுத்த பின்னணியில் வெள்ளை எழுத்துப் போடும்போது அடுத்தது காத்திருக்கும். புள்ளி எழுத்தின் நிறத்தை எடுத்துக்கொள்ளும், வட்டத்தின் உட்புறமோ வெள்ளையாகவே இருக்கும். வெள்ளையில் வெள்ளைப் புள்ளி. அழுத்தினால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், மாறி மட்டும் ஒழுங்காக மாறிக்கொண்டிருக்கும். ‘செலக்ட்கலர்’ என்பதற்குக் கறுத்த நிறம் கொடுத்தால் சரி. பெயரைப் பார்த்துத் தெரிவான பிறகு வரும் நிறம் என்று நினைக்காதீர்கள், வட்டத்தின் உட்புறத்துக்கு அது எப்போதும் பொருந்தும். ‘ஆக்டிவ்பேக்ரவுண்ட்’, ‘ஆக்டிவ்ஃபோர்கிரவுண்ட்’ இரண்டையும் கூடவே கொடுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸில் மவுஸ் மேலே போனாலே, விண்டோஸில் அழுத்தும்போது, சாம்பல் பட்டை ஒன்று மின்னும்.

வட்டத்தைப் பெரிதாக்க நேரடி வழி இதில் இல்லை, படம்தான் போட வேண்டும். வெறும் வட்டம் ஒன்று, புள்ளி வைத்த வட்டம் ஒன்று, 28 பிக்சல் அளவில் பிஎன்ஜி படங்களாக வரையுங்கள். டிகே 8.6 முதல் பிஎன்ஜியை நேரடியாகப் படிக்கும். முதல் படத்தை ‘இமேஜ்’ என்பதிலும் இரண்டாவதை ‘செலக்ட்இமேஜ்’ என்பதிலும் கொடுத்து, ‘காம்பவுண்ட்’ என்பதை இடப்பக்கம் ஆக்கி, ‘இண்டிகேட்டர்ஆன்’ என்பதைப் பொய்யாக்குங்கள். பழைய வட்டம் போய்விடும், ஆனால் முழுவதும் புடைத்த பட்டன் போல ஆகிவிடும், அதைத் தட்டையாக்க ‘போர்டர்விட்த்’ சுழியம். ‘செலக்ட்கலர்’ என்பதைப் பின்னணி நிறமாகவே வையுங்கள், இல்லையென்றால் தெரிவான வரி முழுவதும் நிறம் மாறும்.

படம் வராமல் வெறும் இடம் மட்டும் தெரிகிறதா? ஃபங்ஷனுக்குள் படத்தை ஏற்றிவிட்டு மாறியில் பிடித்து வைக்காமல் விட்டிருப்பீர்கள். ஃபங்ஷன் முடிந்தவுடன் பைதான் அதைத் துடைத்துவிடும். வகுப்பின் ‘செல்ஃப்’ மாறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. டிடிகே வகை

இதில் ‘பிஜி’, ‘எஃப்ஜி’ என்று கொடுத்தாலே ‘அன்னோன் ஆப்ஷன்’ என்று பிழை வரும், எல்லாம் ‘ஸ்டைல்’ வழியாகத்தான். இரண்டு வகைகளையும் நட்சத்திரக் குறி போட்டு ஒன்றன்பின் ஒன்றாக இறக்குமதி செய்தால், பிறகு வந்த டிடிகேயின் ரேடியோ பட்டன் பழையதை மூடிவிடும். நேற்று ஓடிய நிரல் இன்று உடைவதற்கு இது வழக்கமான காரணம். நட்சத்திரம் போடாமல் தனித்தனிப் பெயரில் எடுங்கள்.

ஸ்டைலின் பெயர் உங்கள் விருப்பம், ஆனால் முற்றுப்புள்ளிக்குப் பிறகு ‘டிரேடியோபட்டன்’ என்று முடிய வேண்டும். ஓர் எழுத்துத் தவறினாலும் ‘லேஅவுட் நாட் ஃபவுண்ட்’ என்று நிற்கும். வட்டத்தின் நிறத்தை மாற்ற ‘விஸ்டா’ தீமிலிருந்து ‘கிளாம்’, ‘ஆல்ட்’, ‘டிஃபால்ட்’ ஆகியவற்றில் ஒன்றுக்குப் போக வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் தீம் மாறினால் எல்லா டிடிகே பட்டன்களும் பெட்டிகளும் சேர்ந்து மாறும். வட்டத்தின் பண்புப் பெயர்கள் தீமுக்குத் தீம் வேறுபடும், ஊகிக்காமல் ‘எலிமென்ட்_ஆப்ஷன்ஸ்’ என்ற ஃபங்ஷனிடம் ‘ரேடியோபட்டன்.இண்டிகேட்டர்’ என்று கேளுங்கள், பட்டியலாகத் தந்துவிடும்.

‘கன்ஃபிகர்’ செய்த நிறம் மவுஸ் மேலே போனவுடன் போய்விடுகிறது என்றால், தீம் தன் ‘மேப்’பில் அந்த நிலைக்கு வேறு நிறம் வைத்திருக்கிறது. நீங்களும் ‘மேப்’பில் கொடுங்கள். அதில் முதலில் பொருந்துவதுதான் செல்லும், அதனால் ‘செலக்டட்’ எங்கே ‘ஆக்டிவ்’ எங்கே என்ற வரிசையைப் பார்த்து வையுங்கள்.

6. வட்டமே இல்லாமல் பட்டன் போலக் காட்டுவது

ஈரக் கை, தொடுதிரை, அவசரம் உள்ள இடத்தில் இது நல்லது. வின்ஃபோர்ம்ஸில் ‘அப்பியரன்ஸ்’ என்ற பண்பை ‘நார்மல்’ என்பதிலிருந்து ‘பட்டன்’ என்று மாற்றினால் போதும், டிகின்டரில் ‘இண்டிகேட்டர்ஆன்’ பொய், டிடிகேயில் ஸ்டைலுக்கு ‘டூல்பட்டன்’. தோற்றம் மட்டும்தான் மாறும், ஒன்றை அழுத்தினால் மற்றது விடுபடும் பழக்கம் அப்படியே இருக்கும். வின்ஃபோர்ம்ஸில் குழு என்பது ஒரே கொள்கலனுக்குள் இருப்பவை என்பதால், இரண்டு கேள்விகளுக்கு இரண்டு ‘பேனல்’ அல்லது ‘குரூப்பாக்ஸ்’ போட்டு அவற்றுக்கு உள்ளே பட்டன்களை வையுங்கள்.

விண்டோஸ் 10இல் அழுத்திய பட்டன் வெறும் வெளிர்நீலமாகத்தான் மாறும், வெயிலில் தெரியாது. ‘ஃபிளாட்ஸ்டைல்’ என்பதை ‘ஃபிளாட்’ ஆக்கி, ‘ஃபிளாட்அப்பியரன்ஸ்’ என்பதற்குள் ‘செக்டுபேக்கலர்’ கொடுங்கள். கொடுத்துவிட்டு அழுத்திப் பார்த்தால் நிறம் வராது! மவுஸ் அம்பு அந்த ரேடியோ பட்டனுக்கு வெளியே இருக்கும்போதுதான் அந்த நிறம் செல்லும், அழுத்தும்போது மவுஸ் அதன் மேலேயே இருக்கிறது. ‘செக்டுசேஞ்சுடு’ நிகழ்வில், தெரிவானால் ‘மவுஸ்ஓவர்பேக்கலர்’ என்பதையும் அதே நிறமாக்கி, விடுபட்டால் திருப்பி மாற்றுங்கள். தொடுதிரைக்கு இது கட்டாயம்.

இரண்டே தெரிவுகள் உள்ள கேள்விக்கு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ‘காசு’ நீலம், ‘கடன்’ வெள்ளை என்று நின்றால் எது தெரிவானது? செய்தவருக்குத் தெரியும், புதிதாக வந்த பிள்ளைக்குத் தெரியாது. தெரிவானதில் ஒரு சரிக்குறிப் படத்தையும் சேர்த்துவிடுங்கள், நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அதுதான் உதவும். 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 இணையத்துக்கான வழிகாட்டி என்றாலும் அதன் அளவுகோல் இங்கேயும் பயன்படும்: எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 ஒளிர்வு வேறுபாடு, வட்டம் போன்ற கட்டுப்பாட்டு உறுப்புகளுக்கு 3க்கு 1.

7. க்யூட்டில் வட்டம் சதுரமாவது

க்யூட்டில் தோற்றத்தை எழுதும் ஸ்டைல்ஷீட்டில் ‘இண்டிகேட்டர்’ (வட்டம்) உறுப்பின் எல்லைக்கோட்டைத் தொட்டவுடன் க்யூட் தன் புள்ளியை வரைவதை நிறுத்திவிடும், ‘செக்டு’ நிலைக்கு நீங்களே எழுத வேண்டும். படமில்லாமல் செய்யலாம். சாதாரண நிலைக்கு அகலமும் உயரமும் 14 பிக்சல், எல்லைக்கோடு 2. தெரிவான நிலைக்கு 8 பிக்சல், எல்லைக்கோடு 5. இரண்டிலும் மொத்தம் 18, ஆகவே சொல் அசையாது. ‘போர்டர்ரேடியஸ்’ 9 கொடுங்கள், மொத்தத்தின் பாதி. 10 கொடுத்தால் இன்னும் வட்டமாகாது, மூலைகள் கூராகிச் சதுரமாகிவிடும்.

8. தமிழும் சிங்களமும்

விண்டோஸ் 8 முதல் வரும் ‘நிர்மலா யூஐ’ எழுத்துருவில் தமிழும் சிங்களமும் இரண்டும் இருப்பதால் இருமொழி வரிக்கு அதுவே வசதி. வேறு இயங்குதளம் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், இலவச உரிமம், உரிமக் கோப்பைக் கூடவே வையுங்கள். லினக்ஸில் டிகே 8.6 தமிழ் எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் காட்டாது, கொம்பும் காலும் எழுத்துக்கு முன்னும் பின்னும் இடம் மாறி நிற்கும். விண்டோஸில் அந்தச் சிக்கல் இல்லை. லினக்ஸ் கணினி என்றால் க்யூட்டுக்குப் போங்கள், டிகின்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

‘முற்பணத்தில் கழிவு’ போன்ற தொடர் ஆங்கிலச் சொல்லைப் போல இரண்டு மடங்கு இடம் கேட்கும். டிகின்டரின் பழைய வகையில் ‘ராப்லெங்த்’ கொடுத்து இரண்டு வரியாக்கலாம். க்யூட்டின் ரேடியோ பட்டன் தானாக வரி உடைக்காது, அங்கே சொல்லைச் சுருக்குங்கள். வின்ஃபோர்ம்ஸில் ‘ஆட்டோசைஸ்’ உண்மையாக இருக்கட்டும்.

9. கடைக்குக் கொண்டுபோகும் நாள்

அரை நாள் வையுங்கள். ‘பைஇன்ஸ்டாலர்’ கொண்டு ஒரே கோப்பாக்கினால் உங்கள் கணினியில் வட்டப் படங்கள் வரும், கடையில் வராது, ஏனென்றால் படங்களைத் தனியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும், ஓடும்போது அது எல்லாவற்றையும் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் விரிக்கும் என்பதால் படத்தின் பாதையையும் அங்கிருந்து எடுக்க வேண்டும். ‘எம்ஈஐபாஸ்’ என்று தேடுங்கள். விண்டோஸுக்கான கோப்பை விண்டோஸிலேயே கட்டுங்கள்.

திரையின் அளவுமுறை 125 அல்லது 150 சதவீதத்தில் இருந்தால் டிகின்டர் மங்கலாகத் தெரியும். ‘செட்பிராசஸ்டிபிஐஅவேர்னஸ்’ என்ற விண்டோஸ் கட்டளையை சன்னலைத் திறக்கும் முன்பே அழைத்தால் எழுத்து கூர்மையாகும், ஆனால் உங்கள் படங்கள் பெரிதாகாது. 28க்குப் பக்கத்தில் 42 பிக்சலிலும் ஒரு சோடி வைத்திருங்கள்.

அப்புறம் மவுஸைக் கழற்றிவிட்டு டேப், அம்புக்குறி, ஸ்பேஸ் விசைகளால் மட்டும் படிவம் முழுவதையும் நிரப்பிப் பாருங்கள். குவியக் கோடு எங்கே நிற்கிறது என்று தெரியவில்லையென்றால் உங்கள் படம் அதை மறைக்கிறது, டிகின்டரில் ‘ஹைலைட்திக்னஸ்’ என்பதை 2 ஆக்குங்கள். ஷட்டர் திறந்திருக்கும் முற்பகலில், அந்த மேசையிலேயே, வேலை செய்யும் பிள்ளையிடம் கொடுத்து எது தெரிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். முதலாளி ஒப்புக்கொண்டால் அந்தத் திரையைப் படமெடுத்து அச்சிட்டு, முதல் தாளோடு சேர்த்து இன்னொரு கையெழுத்து வாங்கிவிட்டு மீதிப் பணத்தைக் கேளுங்கள்.